யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

(இயந்திரவியல், மூன்றாமாண்டு)



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, 'சிரிப்போ சிரிப்பு' எல்லாம் இருக்கத்தான் செய்யும். எங்கள் மெக்கானிக்கல் செக்ஷனிலிருந்து மட்டும் பதினோரு காதல் கவிதைகள் வந்திருப்பதாக மலர்க்குழு நண்பன் அலுத்துக்கொண்டான். (எங்கள் அரியர் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான்!) நடுவில் நான் ஒருவன் கொஞ்சம் கசப்பான சங்கதியை எழுத வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 'வடக்கன்' என்ற வார்த்தையை இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? பஸ்ஸில் சீட் இல்லையென்றால் வடக்கன். ஓட்டலில் பரோட்டா பிய்யவில்லையென்றால் வடக்கன். கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வரவில்லையென்றாலும் வடக்கன். நம் காண்டீனில் இந்தச் சொல் ஓடாத நாளே கிடையாது. சொல்கிற நாமும் கெட்டவர்கள் இல்லை. மூன்று வருடம் பட்டறையில் ஃபைல் தேய்த்து, டிராயிங் ஷீட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் அலைகிறவனுக்கு யார் மேலாவது கோபம் வரத்தானே செய்யும்?

அந்தக் கோபம் வெறும் கற்பனையும் இல்லை. 2019 மே மாதம் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை முன்னால் பெரிய போராட்டம் நடந்தது. நம் ஊர்ப் பணிமனையில் பயிற்சிக்கும் வேலைக்கும் வெளிமாநிலத்தவரே அதிகம் எடுக்கப்படுகிறார்கள், இங்கே அப்ரண்டிஸ் முடித்த பையன்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். 'தமிழக வேலை தமிழருக்கே' என்ற முழக்கம் அப்போது செல்போன் செல்போனாகப் பரவியது. அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று. அவர்கள் போய் நின்றது ரயில்வேயின் வாசலில். ஆளெடுக்கிற விதியை எழுதுகிறவன் யாரோ, அவனைக் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை அப்படி இல்லை. 2023 பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டி, ஒருவர் கை நீட்டி அடிக்கிற வீடியோ வந்தது. மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே ஒரு வதந்தி கிளம்பியது. எங்கெங்கோ, எதற்கெதற்கோ நடந்த பழைய சண்டைகளின் வீடியோக்களை ஒட்டுப்போட்டு அனுப்பியிருந்தார்கள். போலீஸ் டி.ஜி.பி.யே வீடியோவில் வந்து 'இது பொய்' என்று சொல்ல வேண்டியிருந்தது. பீகார் அரசு இங்கே ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டமும் பயந்து ஓடுகிற கூட்டமும் சேர்ந்து சென்ட்ரல் ஸ்டேஷன் திணறியது. அப்புறம்தான் நம் ஆட்களுக்கே தெரிந்தது, அவர்கள் ஒரு வாரம் இல்லையென்றால் திருப்பூரில் எத்தனை மெஷின் நிற்கும் என்று.

சரி, இனி என் ஊருக்கு வருகிறேன்.

நான் ஓரிக்கைக்காரன். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செவிலிமேட்டுக்குப் பக்கத்தில். 'காஞ்சிபுரமா? பட்டுப்புடவை சீப்பா கிடைக்குமாடா?' என்று கேட்காத லெக்சரர் நம் காலேஜில் இல்லை. சார், பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, எப்படி சீப்பாகக் கிடைக்கும்? எங்கள் வீட்டில் நைனா முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். 'நைனா' என்கிறேனே, கவனித்தீர்களா? வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. விஜயநகரக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து காஞ்சிக்கு வந்து சேர்ந்த நெசவுக் குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்களுடையதும் ஒன்று. கோர்வையும் பெட்னியும் போட்டு உலகத்துக்கே காஞ்சிபுரத்தின் பெயரைத் தெரிய வைத்தவர்களில் பலருக்கு வீட்டு மொழி தமிழ் இல்லை!

நைனாவுக்கு முட்டி போய்விட்டது. விசைத்தறிச் சேலையை 'கைத்தறி' என்று சொல்லி விற்கிறவன் வேறு நிறைய வந்துவிட்டான். நாலு வருஷத்துக்கு முன்னால் தறியைப் பிரித்து, குழியை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசினோம். அந்த அறையில்தான் இப்போது ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரகடம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. என் செமஸ்டர் ஃபீஸில் பாதி அந்த அறையிலிருந்துதான் வருகிறது.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வெள்ளைத்தாளோடு வீடு வீடாக வந்தார்கள். வெளி ஆள் இல்லை, எல்லாரும் என்னோடு ஏரியில் கிரிக்கெட் ஆடினவர்கள். தாளில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்தத் தெருவில் இனிமேல் வடமாநில ஆட்களுக்கு வீடு விடுவதில்லை, இருப்பவர்களை ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்வது. கீழே வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

"பின்னாடி ரூம்ல இருக்கறவனுங்களை வரச் சொல்லுடா. ஆதார் கார்டு செக் பண்ணணும்."

"நீ யாருடா செக் பண்றதுக்கு?" என்று கேட்டேன்.

"ஊர்க்காரன். போதாதா?"

வாசல் திண்ணையில் இருந்த நைனா மெதுவாக எழுந்தார். "மொதல்ல என் கார்டைப் பாருப்பா. எங்க தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர்லேர்ந்து வந்தார்னு அதுல போட்டிருக்குதா பாரு" என்றார். பையன்கள் சிரித்துவிட்டார்கள். "நீங்க வேற பெரியப்பா... நீங்க நம்ம ஆளு" என்றார்கள். எத்தனை வருஷம் இருந்தால் 'நம்ம ஆளு' ஆகலாம் என்று நைனா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தத் தாளில் பதில் இல்லை.

அதில் ஒருவன் நம் காலேஜில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். ஃபர்ஸ்ட் கிளாஸ். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். கூட்டத்திலிருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கென்னடா, உனக்கு வாடகை வருது. எனக்கு என்ன வருது சொல்லு?" என்றான். என்னிடம் அதற்குச் சட்டென்று பதில் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெளியூர் ஆள் வருவதால் வீட்டுக்காரனுக்கு வாடகை, மளிகைக்கடைக்காரனுக்கு வியாபாரம், கம்பெனிக்காரனுக்குக் குறைந்த கூலியில் ஆள். வேலை தேடி அலைகிறவனுக்கு மட்டும் வரிசை நீளமாகிறது. இதைச் சொல்லாமல் 'எல்லாரும் சகோதரர்கள்' என்று மேடையில் பேசினால் என் சீனியர் எழுந்து போய்விடுவான். நானாக இருந்தாலும் எழுந்துதான் போவேன்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. சில வீட்டார் போட்டார்கள். இரண்டு வீட்டில் பீகார்ப் பையன்களைக் காலி செய்யச் சொல்லி, அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத் பக்கம் போனார்கள். அந்த இரண்டு வீட்டிலும் இன்றுவரை 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்குகிறது. என் சீனியருக்கு அதனால் ஒரு வேலையும் வந்துவிடவில்லை.

ஒரு சட்டப் புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரன் என்றால் பாஸ்போர்ட், விசா என்று ஒரு கணக்கு உண்டு. ஒடிசாக்காரன் அப்படி இல்லை. இந்தியாவுக்குள் எங்கும் போகலாம், தங்கலாம், வேலை செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவே சொல்கிறது. அவனிடம் தாள் கேட்கத் தெருப் பையனுக்கு அதிகாரம் கிடையாது.

இந்தச் சம்பவம் நடந்து சில மாதம் கழித்து, நம் நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்காவில் 'ஆபரேஷன் டுடுலா' என்று ஒரு இயக்கம். டுடுலா என்றால் ஜூலு மொழியில் 'தள்ளி வெளியேற்று' என்று அர்த்தமாம். 2021-ல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவெட்டோவில் கிளம்பியது. அரசு இல்லை, சாதாரணத் தெரு ஜனங்கள், அதிலும் வேலையில்லாத இளைஞர்கள். என்ன செய்கிறார்கள்? கடை கடையாக, வீடு வீடாகப் போய் 'அடையாள அட்டையைக் காட்டு' என்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஜிம்பாப்வே, மொசாம்பிக், மலாவிக்காரர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் கர்ப்பிணிகளும் உண்டு. படிக்கப் படிக்க எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. அதே அட்டை, அதே வாசல், அதே 'நீ யார் கேட்க' என்ற கேள்வி.

நூலகர் ஐயா தயவில் மேலும் தேடிப் படித்தேன். அந்த நாட்டில் வேலை தேடுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. இளைஞர்களில் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வரிசை நீளம். இதெல்லாம் நிஜமான கஷ்டம். ஆனால் 2022 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே இருக்கும் சுமார் 6 கோடியே 20 லட்சம் பேரில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 24 லட்சம் பேர்தான், நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. அந்த நாலு பேரைத் தள்ளிவிட்டால் மீதி தொண்ணூற்றாறு பேருக்கும் வேலையும் மாத்திரையும் வந்துவிடுமா? மருந்து வாங்கக் காசு ஒதுக்காத இலாகா ஆபீஸ் வாசல் காலியாகவே கிடக்கிறது. கூட்டம் நிற்பது நோயாளி வருகிற வாசலில்.

தள்ளுகிற விளையாட்டு எங்கே போய் முடிகிறது என்பதும் அங்கே நடந்திருக்கிறது. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் ஆரம்பித்த கலவரத்தில் 62 பேர் செத்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே! கும்பல் ஆளை நிறுத்தி, 'முழங்கைக்கு ஜூலுவில் என்ன சொல்லு' என்று கேட்டதாம். சொல்லத் தெரியாத உள்ளூர்க்காரனும் அடி வாங்கினான். நம் பையன்கள் வேடிக்கைக்கு 'வாழைப்பழம் சொல்லு, ழ வருதா பார்க்கலாம்' என்பார்களே, அது மாதிரி. அந்தப் பரீட்சை வைத்தால் நம் செக்ஷனில் எத்தனை பேர் பாஸ் ஆவோம் என்று யோசித்துப் பாருங்கள்! 2022 ஏப்ரலில் டீப்ஸ்லூட் என்ற இடத்தில் ஒரு கும்பல் வீடு வீடாகத் தாள் கேட்டுப் போய், எல்விஸ் நியாத்தி என்ற ஜிம்பாப்வேக்காரரைத் துரத்தி அடித்து, தீ வைத்துக் கொன்றது. 43 வயது. தோட்ட வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்.

'ஆப்பிரிக்காக்காரன் சண்டை நமக்கெதுக்கு?' என்று புரட்டிவிடாதீர்கள். அந்த மண்ணில் இப்படித் தள்ளப்பட்டவர்களில் நாமும் உண்டு.

1860 நவம்பர் 16 அன்று 'டிரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்தவர்கள் தமிழும் தெலுங்கும் பேசும் கூலியாட்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஆள் வேண்டியிருந்தது. அன்றைய வட ஆர்க்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களில் ஏஜெண்டுகள் ஆள் பிடித்தார்கள். 1997 வரைக்கும் நம் காஞ்சிபுரமும் செங்கல்பட்டு ஜில்லாதானே! 1911 வரை நடாலுக்குப் போனவர்கள் எல்லா ஊரும் சேர்த்து சுமார் 1,52,000 பேர். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே காய்கறி போட்டார்கள், மீன் பிடித்தார்கள், கடை வைத்தார்கள். உடனே ஆரம்பித்தது வினை.

1896 டிசம்பரில் 'கூர்லாண்ட்', 'நாதேரி' என்ற இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து டர்பனுக்கு வந்தன. ஒன்றில் 27 வயது வக்கீல் காந்தி, குடும்பத்தோடு. அதற்குள் டர்பன் முழுக்க ஒரு பேச்சு. 'காந்தி கப்பல் நிறைய 800 பேரைக் கூட்டி வருகிறான், நம் வேலையைப் பிடுங்கப் போகிறான்' என்று. நிஜத்தில் இரண்டு கப்பலிலும் சேர்த்து இருந்தது சுமார் 600 பேர், அதில் நடாலில் இறங்க வேண்டியவர்கள் 200 பேர் அளவில்தான். மற்றவர்கள் வேறு ஊர்களுக்குப் போகிறவர்கள். இந்தியாவில் காந்தி எழுதிய பிரசுரத்தை ராய்ட்டர் செய்தி நிறுவனம் சில வரித் தந்தியாகச் சுருக்கி அனுப்பியதில் விஷயம் ஊதிப் பெருத்துப் போயிருந்தது. 2023-ன் ஒட்டுப்போட்ட வீடியோவுக்கு 1896-ன் தந்தி அண்ணன்!

பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கப்பல்களை மூன்று வாரத்துக்கு மேல் கடலிலேயே நிறுத்தினார்கள். கரையில் கூட்டம் போட்டார்கள். 1897 ஜனவரி 13 அன்று துறைமுகத்தில் சில ஆயிரம் வெள்ளையர் திரண்டார்கள். எப்படித் தெரியுமா? ரயில்வே ஆட்கள் ஒரு அணி, தச்சர்கள் ஒரு அணி, கொத்தனார்கள், தையல்காரர்கள் என்று தொழில் தொழிலாக. படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை பேரும் நம்மைப் போலக் கைத்தொழில் கற்ற பையன்கள்தானே! அன்று மாலை தெருவில் நடந்து வந்த காந்தியைக் கல்லாலும் அழுகிய முட்டையாலும் அடித்து, உதைத்தார்கள். போலீஸ் சூப்பிரண்டெண்டின் மனைவி திருமதி அலெக்சாண்டர் குடையை விரித்துக் குறுக்கே வந்து நின்றதால் உயிர் தப்பினார். வழக்குப் போடச் சொன்னபோது காந்தி மறுத்துவிட்டார். அடித்தவர்கள் தூண்டப்பட்டவர்கள், தப்பு அவர்கள் தலைவர்களுடையதும் நடால் அரசுடையதும் என்பது அவர் கணக்கு.

இதில் முக்கியமான இடம் இனிமேல்தான். கூட்டத்துக்குப் பணிந்து நடால் அரசு அதே 1897-ல் குடியேற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது. ஆனால், தோட்டங்களுக்கு வருகிற ஒப்பந்தக் கூலிகளை அந்தச் சட்டம் தொடவில்லை! மலிவான ஆள் முதலாளிக்கு 1911 வரை வந்துகொண்டேதான் இருந்தான். துறைமுகத்தில் தொண்டை கிழியக் கத்திய தச்சருக்கும் கொத்தனாருக்கும் என்ன கிடைத்தது? ஒரு கரும்பு முதலாளி வீட்டுக் கதவையாவது அவர்கள் தட்டினார்களா? நான் படித்தவரை இல்லை.

ரங்கூனிலும் இதே சங்கதிதான். 1930 மே மாதம் துறைமுகத்தில் சுமை தூக்கிய இந்தியர்கள், பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்காரர்கள் பர்மியர்களைக் கூட்டி வந்து வேலை வாங்கினார்கள். இந்தியர்களோடு சமரசம் ஆனதும் பர்மியர்களைப் 'போ' என்று சொல்லிவிட்டார்கள். ஏமாந்தவனும் திரும்பி வந்தவனும் துறைமுகத்திலேயே மோதிக்கொண்டார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டு பக்கத்தையும் வைத்து ஆடிய கம்பெனிக்காரன் மேல் ஒரு கீறல் இல்லை. அங்கே மூண்ட பகை தணியவே இல்லை. 1962-க்குப் பிறகு நே வின் ஆட்சியில் லட்சக்கணக்கில் கிளம்பி வந்தவர்களில் சிலர் போட்ட கடைகள்தான் சென்னை பர்மா பஜார்.

பம்பாய் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். 1966 ஜூனில் பால் தாக்கரே சிவசேனையை ஆரம்பித்தபோது முதல் எதிரி நாம்தான். அவருடைய 'மார்மிக்' பத்திரிகையில் ஆபீஸ் ஆபீஸாகத் தென்னிந்தியர் பெயர்ப் பட்டியல் வரும். 'லுங்கியைத் தூக்கு' என்று கோஷம். உடுப்பி ஓட்டல்கள் உடைந்தன. 2008-ல் அதே ஊரில் ராஜ் தாக்கரேயின் ஆட்கள் ரயில்வே பரீட்சை எழுத வந்த பீகார், உத்தரப் பிரதேசப் பையன்களை ஹாலுக்கு வெளியே அடித்தார்கள். லுங்கி போய் வேறு உடுப்பு வந்தது, அவ்வளவுதான். பெங்களூரில் 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பையொட்டித் தமிழர்கள் பட்டபாடும் தெரிந்ததே.

ஒரு சின்ன விஷயம். சென்ட்ரலில் வடமாநிலப் பையன்கள் தூக்கி வருவார்களே, நீலம் சிவப்புக் கட்டம் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை, அதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெயர் உண்டு. 'கானா மஸ்ட் கோ'. அதாவது 'கானாக்காரனே, வெளியே போ'. 1983 ஜனவரியில் நைஜீரிய அரசு வெளிநாட்டவரை இரண்டு வாரத்தில் வெளியேறச் சொன்னது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கானா நாட்டவர் கையில் கிடைத்ததை அந்தப் பையில் அடைத்துக்கொண்டு ஓடினார்கள். பைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை, 1969 நவம்பரில் கானா அரசு இதேபோல இரண்டு வாரக் கெடு கொடுத்துத் துரத்தியதில் ஏராளமானோர் நைஜீரியர்கள்! எங்கள் பின்னறையில் அந்தப் பை நாலு இருக்கிறது. துணி காயப்போட வரும்போதெல்லாம் அம்மா அதை நகர்த்தி வைப்பார்.

ஊர் முழுக்கத் தள்ளுகிறவர்களாகவே இருந்துவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 'கொபனாங்' என்ற கூட்டமைப்பு, அதாவது 'ஒன்று சேருங்கள்', டுடுலாவை எதிர்த்து 2022-ல் ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் ஊர்வலம் போனது. அதில் இருந்தவர்கள் பெரிய மனிதர்கள் இல்லை, நடைபாதை வியாபாரிகள், குடிசைவாசிகள். டர்பன் குடிசைவாசிகளின் 'அபஹ்லாலி' சங்கமும் அவர்களோடு சேர்ந்து கோர்ட்டுக்குப் போனது. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: யாரிடமும் அடையாளத் தாள் கேட்க டுடுலாவுக்கு அதிகாரம் இல்லை, அது குடிநுழைவு அதிகாரியும் போலீஸும் செய்ய வேண்டிய வேலை, ஆஸ்பத்திரியையும் பள்ளிக்கூடத்தையும் மறிக்கக் கூடாது. என்னை யோசிக்க வைத்தது அந்தக் குடிசைவாசிகள்தான். வேலையில்லாத கஷ்டம் அவர்களுக்கும் டுடுலாக்காரர்களுக்கும் ஒன்றுதான். அவர்கள் மட்டும் எப்படி வேறு கதவைத் தட்டினார்கள்?

எங்கள் தெருக்கோடியில் ஒரு தாத்தா இருக்கிறார், கோயில் காரியங்களில் ஈடுபாடு உள்ளவர். கையெழுத்துத் தாளோடு போன பையன்களுக்கு அவர் ஊர்ப் பெயரின் கதையைச் சொன்னாராம். பல்லவ ராஜா ஏதோ கோபத்தில் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடன் கிளம்பியதும் குரு திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். அவர் சொற்படி திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் 'ஓரிரவிருக்கை', அதாவது நம் ஓரிக்கை. மறுநாள் ராஜாவே வந்து கெஞ்சி அழைத்துப் போனான். இது தலபுராணம், சரித்திரம் என்று நான் வாதாட வரவில்லை. தாத்தா கேட்டது இதுதான்: "தொரத்தி வுட்டவனுக்கு ராத்திரி எடம் குடுத்த ஊருடா இது. நீங்க இன்னாத்துக்குத் தாளைத் தூக்கினு அலையறீங்க?" பையன்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்! புராணத்தால் மட்டும் தாள் கிழிவதில்லை.

தாளைக் கொஞ்சம் ஆட்டம் காண வைத்தது வேறொன்று. சம்பளச் சீட்டு.

ஐந்தாம் செமஸ்டர் லீவில் நான் ஒரு தொழிற்சாலையில் இன்ப்ளாண்ட் டிரெய்னிங் போனேன். பெயர் வேண்டாம். எங்கள் பின்னறைப் பையன்களின் கம்பெனி மாதிரியேதான் இதுவும், பிரஸ் ஷாப், கான்ட்ராக்ட் ஆட்கள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். உள்ளூர் ஆள் லீவு கேட்டால் கான்ட்ராக்டர், "நீ வரலைன்னா போ, வடக்கன் பத்துப் பேர் ரெடியா இருக்கான்" என்பார். அதே கான்ட்ராக்டர் ஒடிசாப் பையன் காய்ச்சல் என்றால் இந்தியில், "ஊருக்கு டிக்கெட் எடு, லோக்கல் ஆளு காத்திருக்கான்" என்பார். இரண்டையும் ஒரே வாரத்தில் என் காதால் கேட்டேன். லீவு முடிந்து வீட்டுக்கு வந்து எங்கள் பின்னறைப் பையனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்த நாலு மணி நேரத்துக்கும் அதே ஒற்றைக் கூலி. அதிலும் ரூம், வேன் என்று பிடித்தம். எங்கள் தெருவிலேயே அந்த கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிற தமிழ்ப் பையன் ஒருவன் இருக்கிறான், அன்று தாளோடு வந்த கூட்டத்தில் அவனும் உண்டு. அவன் சீட்டையும் வாங்கினேன். ஓ.டி.க்கு அதே ஒற்றைக் கூலி! அடிப்படைக் கூலி கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவாக இருந்தது. 2020-ன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. நமக்கு இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மெண்ட் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி! எழுதி மார்க் வாங்கினோம், அங்கே போய்க் கேட்டதில்லை. வெளிமாநில ஆளுக்கும் உள்ளூர் ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். அது மட்டும் ஒழுங்காக நடந்திருந்தால், மலிவு என்பதற்காக ஒருவனை எடுத்து இன்னொருவனைத் தள்ள கான்ட்ராக்டருக்குக் காரணமே இருந்திருக்காது. என் சீனியருக்கு அந்த பிரஸ் ஷாப்பில் வேலை இல்லாமல் போனதற்கும், பின்னறைப் பையனுக்குக் கைவிரலில் தையல் போட்ட மறுநாளே ஷிஃப்ட் போட்டதற்கும் காரணம் ஒரே ஆள்தான்.

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் சீனியரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "இவனுக்கு ஓ.டி. டபுளா குடுத்தா கான்ட்ராக்டருக்குக் கட்டாது. எட்டு மணி ஷிஃப்ட் மூணா பிரிச்சுத்தான் ஆகணும்டா. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் கூட வேணும்" என்றான். ஃபர்ஸ்ட் கிளாஸ் மூளை, சும்மாவா! அவன் இன்னும் 'வடக்கன்' என்றுதான் சொல்கிறான். நான் சண்டை போடவில்லை. மனு எழுதிக் கொடுத்தது அவன்தான்.

தொழிலாளர் துறை உதவி ஆணையருக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் இரண்டு பிரதிகள். கேட்டிருப்பது ஓ.டி. இரட்டைக் கூலி, சம்பளச் சீட்டில் மணிக்கணக்கு, ஒரே வேலைக்கு ஒரே கூலி. இதுவரை 41 கையெழுத்து, அதில் ஒடியா எழுத்தில் 13, இந்தியில் 9, மீதி தமிழ். வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர்களும் சீட்டு நகல் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம், பெயர் வெளியே வராது. தினமும் மாலை நாலரை மணிக்கு மேல் காண்டீனுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். நான் இல்லையென்றால் பேரவைச் செயலரிடம் தாள் இருக்கும்.